சைஃப் சொன்னதைக் கேட்ட நஸ்ருன்னிசா டீச்சர்

மேடையில் அமர்ந்திருக்கும் பள்ளித் தாளாளர் ஹபீபுர் ரஹ்மான் அவர்களே, துணைவியை இழந்த துயரத்தோடு முன்வரிசையில் இருக்கும் ஷரஃபுதீன் அண்ணன் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பிள்ளைகளை மடியில் இருத்திக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களே! கே.கே. நகர்ப் பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியராக இருக்கும் லூர்துமேரியின் வணக்கம்.

நம் நஸ்ருன்னிசா பேகம் மாரடைப்பால் மறைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவரை ‘இருந்தார்’ என்று சொல்ல என் நாக்கு இன்னும் பழகவில்லை.

நாங்கள் இருவரும் ஒன்றாகப் பயிற்சி பெற்றவர்கள். இந்தச் சைதாப்பேட்டைப் பள்ளியில் அவருக்குக் கிடைத்த வகுப்பறை எது தெரியுமா? உடைந்த விளையாட்டுச் சாமான்களைப் போட்டு வைத்திருந்த அறை! ஒரே ஒரு பிளக் பாயிண்ட். கிழிந்த படச் சார்ட்டுகள். பேச்சு வராத பிள்ளைகள், கைகால் சொன்னபடி கேட்காத பிள்ளைகள். வேறொருவராக இருந்தால் மாற்றல் கேட்டிருப்பார். நஸ்ருன்னிசா கேட்டாரா? கேட்கவில்லை! அவர் கேட்டது டேப்லெட்.

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பழைய டேப்லெட்டுகளை ஒதுக்கிவிட்டுப் புதியவை வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடை மேலாளர் தயங்கினார். “இதுல கேம்தானேம்மா ஆடப் போறாங்க?” என்றார்.

“ஆடட்டும் சார். மொதல்ல தொடட்டும்” என்றார் நஸ்ருன்னிசா.

கடைத் துணிப்பையிலேயே போட்டுக் கொடுத்தார்கள். சார்ஜ் நிற்காதவை, மூலையில் கீறல் விழுந்தவை. படத்தைத் தொட்டால் அதற்கான சொல் ஒலிக்கும்படி அவற்றில் ஒரு செயலியைப் போட்டார். தண்ணீர், பசி, தலை, காது, வயிறு, வலி. ஆனால் அந்த இயந்திரக் குரலைக் கேட்டதும் சைஃப் அலறிக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டான். பதினொரு வயதுப் பையன், பேச்சு வராது. நஸ்ருன்னிசா விட்டாரா? அவன் அம்மா கமர் ஜஹானை வரவழைத்து, ஒவ்வொரு படத்துக்கும் அந்தத் தாயின் குரலையே பதிந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சைஃப் சுவரில் தலையை முட்டிக்கொள்ள ஆரம்பித்தான். நெற்றி புடைத்தது. தடுக்கப் போனவர்களைக் கடித்தான். மற்றப் பிள்ளைகள் மிரண்டு அழுதார்கள். பள்ளி என்ன முடிவெடுத்தது? இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்தது! கமர் ஜஹானை அலுவலக அறைக்கு அழைத்தார்கள். தாளாளர் ஐயா இருந்தார்கள். நஸ்ருன்னிசா கூப்பிட்டதால் நானும் இருந்தேன்.

அங்கேயும் சைஃப் இரும்பு பீரோவில் முட்டினான். பீரோ அதிர்ந்தது. நஸ்ருன்னிசா டேப்லெட்டை நீட்டினார். தட்டிவிட்டான். மறுபடி நீட்டினார். பிடுங்கி வீசினான்; திரை விரிசல் விட்டது.

“வேணாம் டீச்சர், வுட்ருங்க. நான் இட்டுக்கினு போயிடறேன்” என்று கமர் ஜஹான் எழுந்துவிட்டார்.

“இரும்மா. அவன் இன்னும் முடிக்கல” என்றார் நஸ்ருன்னிசா. தரையில் உட்கார்ந்து, விரிசல் விட்ட திரையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மின்சார ரயில் ஒன்று கடந்து போனது.

சைஃப் கிட்டே வந்தான். விரல் படங்களின் மேல் அலைந்தது. தண்ணீரைத் தாண்டியது, பசியைத் தாண்டியது, ஓரிடத்தில் நின்றது. “காது.” அவன் அம்மாவின் குரல்! அடுத்த படத்தைத் தொட்டான். “வலிக்குது.” மறுபடியும் தொட்டான். காது, வலிக்குது. காது, வலிக்குது. நிறுத்தவே இல்லை!

அன்றே மருத்துவரிடம் கொண்டு போனோம். செவிப்பறைக்கு உள்ளே சீழ் கட்டியிருந்தது. வெளியே ஒரு சொட்டும் கசியாததால் யாருக்கும் தெரியவில்லை. வராந்தாவில் கமர் ஜஹான் நஸ்ருன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினார்: “இத்த சொல்றதுக்கா டீச்சர் எம்புள்ள செவுத்துல முட்டிக்கினு இருந்துச்சு? இன்னான்னே தெரியாம நான் வேற அவன அடிச்சேனே!”

நஸ்ருன்னிசாவும் அழுதுகொண்டிருந்தார். சிகிச்சைக்குப் பிறகு முட்டிக்கொள்வது நின்றது. அவனை வெளியேற்றும் பேச்சும் நின்றது.

அன்பர்களே! அந்த நஸ்ருன்னிசாவை அடக்கம் செய்த மறுநாள் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு என்ன செய்தி வந்தது? ஆசிரியர் இல்லாததால் சிறப்பு வகுப்பு மறு அறிவிப்பு வரும்வரை நடக்காதாம். டேப்லெட்டுகள் அலுவலகத்தில் இருக்குமாம். மறு அறிவிப்பு வரும்வரை எந்தப் பிள்ளைக்கும் வலிக்காதா? பசிக்காதா?

இரங்கல் கூட்டத்தில் இதைப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. வேறு எங்கே போய்ப் பேசுவேன்?

தாளாளர் ஐயா, உங்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. புதிய ஆசிரியர் கிடைக்க நாளாகும் என்பது எனக்கும் தெரியும். அதுவரை நான் வருகிறேன். என் பள்ளியில் அனுமதி வாங்கிவிட்டேன். காலையில் இங்கே, மதியம் அங்கே. வகுப்பறையை மட்டும் மூடாதீர்கள். டேப்லெட்டுகளைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள்.

தலையசைக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும் ஐயா, அது போதாது. இந்த மைக்கில் சொல்லுங்கள். கமர் ஜஹான் கடைசி வரிசையில் நிற்கிறார், அவருக்கும் கேட்க வேண்டும்.

நன்றி ஐயா. கேட்டீர்களா, பெற்றோர்களே? வகுப்பு நடக்கும் என்று எல்லோர் முன்னிலையிலும் தாளாளர் சொல்லிவிட்டார்!

நஸ்ரு, உன் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். இது என் வாக்கு.

பெற்றோர்களே, நாளைக் காலை பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். வாசலில் நான் நிற்பேன்.