மூன்று முறை விற்ற ரேடியோ

பாறசாலையிலிருந்து தம்பானூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். ஐம்பதைத் தாண்டியவர்கள். அந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தையில் நான் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

“மூணு தடவை வித்தாச்சு. அந்தப் பழைய வால்வு ரேடியோ இப்பவும் நம்ம அலமாரியிலதான் கெடக்கு.”

“நான் என்ன செய்ய? போன்ல ஏலத்துக்குப் போட்டேன். உன் தம்பி அதைக் கொண்டு சர்ச் வாட்ஸ்அப் குரூப்புல போட்டான். எல்லாரும் சர்ச்சுக்குப் பணம் சேர்க்க நடத்துற அறுப்புப் பண்டிகை ஏலம்னு நெனச்சிட்டாங்க.”

“எடுத்தவங்க கொண்டுபோவ வேண்டியதுதானே?”

“பண்டிகையில தேங்காய் ஏலம் எடுத்தா நாம வீட்டுக்கா கொண்டுபோறோம்? ரூபாயைக் கொடுத்துட்டு, மறுபடியும் ஏலம் விடுங்கன்னு திருப்பிக் கொடுக்கோம்லா. அதே மாதிரிதான் இவங்களும். ரூபாய் மொத்தமும் சர்ச்சுக்குப் போச்சு.”

பாலராமபுரம் வரை இருவரும் சிரித்தார்கள்.

“இனி ஏலம் வேண்டாம். ஆன்லைன்ல கடை மாதிரி ஒரே விலை எழுதிப் போடுங்க. வேணும்னவன் வாங்கிட்டுப் போவட்டும்.”

“போடலாம். ஆனா அப்படி வித்தா பின்ன போனது போனதுதான், திரும்பி வராது, கேட்டியா. ஏலத்துல ஒரு ரசம் உண்டு.”

அந்த அம்மா கணவன் பக்கம் திரும்பினார்.

“எங்க அப்பா தந்த சுவர்க் கடிகாரத்தை விக்கவே கூடாதுன்னு சொன்னேன்லா?”

“ஓ. சொன்ன.”

“அதையும் ஏலத்துல போடுங்க.”