ஒன்பது மருந்துகளின் பெயர்

அறிவியலின் முன்னால் பெரியவனும் இல்லை, சிறியவனும் இல்லை. உண்மை ஒன்றே அரசாளும். இது எங்கள் பேராசிரியர் சொன்னது, ஆய்வுக்கூடத்தின் புதிய கழிவறையைத் திறந்துவைத்தபோது. பேசி முடித்து, 'பேராசிரியர்களுக்கு மட்டும்' என்ற பலகையையும் அவர் கையாலேயே மாட்டினார்.

அவரை நாங்கள் 'மைக்' என்போம். கையில் கிடைத்தால் விடமாட்டார். என்னை அவர் 'சேறு' என்பார். என் வேலை அதுதான். முலாம் பூசும் ஆலைக்குக் கீழே ஓடுகிற ஓடையில் இறங்கி அடிச்சேற்றை அள்ளிவந்து, அதிலிருக்கும் பாக்டீரியாவைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்தேன். பதினாறு வருடம்.

விசாரணை அதிகாரியான நீங்கள் கேட்டதால் விளக்குகிறேன். செம்பும் காட்மியமும் கலந்த தண்ணீரில் பெரும்பாலான பாக்டீரியா செத்துவிடும். தப்புகிறவை, உள்ளே வரும் உலோகத்தைப் பம்பு வைத்தாற்போல வெளியே இறைத்துவிடும். அந்த வித்தையைப் பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை கொடுப்பதுபோல அண்டை அயலுக்கும் கொடுக்கும். நான் வாரத்துக்கு வாரம் உலோகத்தைக் கூட்டினேன், அவை பழகிக்கொண்டன. 'சேறு' என்ற பெயருக்கு நானும் அப்படித்தான் பழகினேன். என்ன, என்னிடம் பம்பு இல்லை. எல்லாம் உள்ளேயே தங்கிவிட்டது.

இதில் ஒரு விசேஷம் உண்டு. உலோகத்தைத் தாங்கிப் பழகியவை மருந்தையும் தாங்கிவிடுகின்றன. பன்னிரண்டு கிருமிக்கொல்லிகளைப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது பலிக்கவில்லை. மூன்று பலித்தன. கண்டுபிடித்தவன் நான்.

கட்டுரை அச்சில் வந்தது. வீட்டுக்கு எடுத்துப்போனேன். மனைவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்தை விரலால் தடவித் தேடினாள்.

"உங்க பேரு எங்கங்க?"

அவள் தம்பி எட்டிப் பார்த்தான். "மாமா, பாக்டீரியா பேரு கூடப் போட்டிருக்காங்க. அது உங்கள முந்திக்கிச்சு போல."

மகள் சிரித்துவிட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. நகைச்சுவை நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் மைக்கிடம் கேட்டேன்.

"சார், கட்டுரையில என் பேரு…"

"அதெல்லாம் ஆபீஸ்ல கேளுய்யா. நாளைக்கு ஓடையில பேட்டி, கேமராக்காரங்க வர்றாங்க. லூசான பூட்ஸா ஒண்ணு எடுத்து வை. புது ஷூ கடிச்சு குதிகால் உரிஞ்சுபோச்சு."

அலுவலகத்தில் போய்க் கெஞ்ச நான் என்ன யாசகனா? கேட்கவில்லை. பூட்ஸை எடுத்துவைத்தேன். வலது பூட்ஸுக்குள், தட்டிலிருந்து வழித்துக் கரைத்த பாக்டீரியாவை இரண்டு கரண்டி ஊற்றினேன்.

"என்னய்யா, ஈரமா இருக்கு?"

"ஓடைக்குப் போறது சார்."

கோட்டும் பூட்ஸுமாகத் தண்ணீரில் நாற்பது நிமிடம் நின்றார். "இவை என் பிள்ளைகள்" என்று ஓடையைக் காட்டிக் குரல் தழுதழுக்கச் சொன்னார். பிள்ளைகள் அப்போது அவர் குதிகாலில் இருந்தன.

மூன்றாம் நாள் காய்ச்சல், கால் கறுத்துவிட்டது. மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார்.

"எங்க டெஸ்ட் வர ரெண்டு நாளாகும், அதுவரைக்கும் தாங்காது. 'சேறுகிட்ட கேளுங்க, அவனுக்குத்தான் எல்லாம் தெரியும்'னு சார் சொல்றாரு. எந்த மருந்து கேக்கும்?"

பதினாறு வருடத்தில் என்னைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. நெஞ்சு நெகிழ்ந்தது. நோட்டைத் திறந்து நிதானமாகப் படித்தேன். ஒன்பது பெயர்களையும். மருத்துவர் எழுதிக்கொண்டு திருப்பிச் சொன்னார். ஒரு பெயரில் பிழை இருந்தது, திருத்தினேன். மற்ற மூன்று பெயர்களை அவர் கேட்கவில்லை என்று நான் சொன்னால் பொய்யாகும். அவர் கேட்டது அந்த மூன்றைத்தான்.

மறுநாள் மதியம் மைக் அணைந்தது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அண்ணா, கடைசி வரைக்கும் உதவுனது நீங்க ஒருத்தர்தான்." "என் கடமைம்மா" என்றேன்.

ஆம், கொன்றது நான்தான். ஆத்திரத்தில் செய்யவில்லை. பெயரைத் திருடியவனிடமிருந்து அதற்கு ஈடாக ஒன்றை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கும் உத்தேசமும் இல்லை.

நேற்று என் மேசை இழுப்பறையிலிருந்து நீங்கள் எடுத்துக் காட்டிய தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டுரையில் பெயர் வர வேண்டுமானால் அவரவர் ஒப்பமிட்டுத் திருப்பித் தர வேண்டிய படிவம் அது. அதில் முதல் பெயராக என் பெயர் அச்சாகியிருக்கிறது. ஓரத்தில் அவர் பேனாவால், 'சேறு, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடு, இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள்' என்று எழுதி, அடிக்கோடும் இட்டிருக்கிறார். ஒப்பமிடும் இடம் காலி. பின்பக்கத்தில் முப்பத்தொன்று முதல் நாற்பத்தெட்டு வரை சேற்று மாதிரிகளின் எண்கள் இருக்கின்றன. எழுதியது நான்.