முட்டாள் நிலை

இரண்டு கையாலும் பிடிக்கிற நீள வாளைப் பழகத் தொடங்கினால் முதலில் வலிப்பது கை இல்லை ஐயா, கெண்டைக்கால். ஒரு வாரம் படி இறங்க முடியாது. பிறகு சரியாகிவிடும்.

நானும் உஸ்மானும் பழக ஆரம்பித்தது 2006 பொங்கல் கழிந்து. ஃபியூஸ் கட்டை செய்யும் பீங்கான் யூனிட்டில் நான் சூளை மேற்பார்வை. அவன் ஜங்ஷன் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். ஐரோப்பாவில் பல நூறு வருடங்களுக்கு முன் எழுதிய வாள் பாடங்களை யாரோ படத்தோடு இணையத்தில் போட்டிருந்தார்கள். அதை முதலில் பார்த்தது நான். லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து, முனை மழுங்கிய இரண்டு வாள்கள் செய்யச் சொன்னதும் நான். கம்பிவலை முகக்கவசம் இரண்டையும் நானே பற்றவைத்தேன். ஞாயிறு காலைகளில் யூனிட்டுக்குப் பின்னால், உடைந்த பீங்கான் கொட்டுகிற காலியிடத்தில் பழகுவோம்.

நிலைகளுக்குத் தமிழில் பெயர் வைத்துக்கொண்டோம். தலைக்கு மேல் வாளைப் பிடித்தால் கூரை. இடுப்போரம் என்றால் ஏர். முனையைத் தரைக்குத் தாழ்த்தி, வந்து அடி என்று உடம்பைத் திறந்து நின்றால் முட்டாள். பழைய பாடத்திலேயே அதற்கு அந்தப் பெயர்தான்.

ஆறே மாதத்தில் அவன் என்னைத் தாண்டிப் போய்விட்டான். வாளும் வாளும் ஒட்டி நிற்கும்போது எதிராளியின் கை இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று உணர வேண்டும். அவனுக்கு அது வந்தது, எனக்கு வரவில்லை. தோற்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவன் என் கழுத்துக்கு நாலு விரல் முன்னால் வாளை நிறுத்திவிட்டு, "இன்னொரு வாட்டி பாப்பமாண்ணே?" என்பான். ஒரு ஞாயிறு என் மனைவி பூங்கோதை மோர் கொண்டுவந்தாள். அவள் பார்க்கும்போது வேண்டுமென்றே என்னிடம் அடி வாங்கிக்கொண்டான். திரும்பும் வழியில் அவள், "பாவம், அந்தத் தம்பி ஒங்களுக்காக வுட்டுக் குடுக்குதுங்க," என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னாள்.

போன மாதம் அவனுக்கு ஷார்ஜா விசா வந்தது. கடைசியாக ஒரு ஞாயிறு மட்டும் மிச்சம். துருவேறிவிட்டது, பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று அவனுடைய கவசத்தை வாங்கிப் போனேன். கண்ணுக்கு நேரே இருந்த ஆறு கம்பிகளை அரத்தால் முக்கால்வாசி தேய்த்தேன். மேலே கறுப்பு பெயின்ட், இரண்டு பூச்சு.

அவன் அதை மாட்டிக்கொண்டு, "புதுசாட்டம் இருக்குதுண்ணே," என்றான்.

எட்டாவது ஆட்டத்தில் முட்டாள் நிலையில் நின்றான். "வாங்கண்ணே," என்றான். நான் முனையைக் கண்ணுக்கு நேராகக் கொடுத்தேன். அவன் வாள் எழவே இல்லை. என் வேகம் அப்படி. உடைந்த கம்பிகள் இரண்டு கண்ணிலும் ஏறின.

நான்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பதினோரு நாள் கூடவே இருந்து இட்லியைப் பிட்டு ஊட்டினேன். அவனுடைய அம்மா ஜைத்தூன் பீவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாட்டி எம் புள்ளய யாரு கூட இருந்து பாத்திருப்பா?" என்று அழுதார்கள். அந்த வார்த்தை எனக்கு நிறைவாக இருந்தது.

நேற்று அவன் கொடுத்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லீங்க. ஊருக்குப் போறமே, கடசி ஆட்டத்துல அவரு ஜெயிக்கட்டும்னு நாந்தான் கையத் தூக்காம நின்னேன்." விபத்து என்று எழுதி, என்னை வீட்டுக்குப் போகச் சொன்னீர்கள். பூங்கோதை சாமிக்கு விளக்கேற்றினாள். என்னால் சாப்பிட முடியவில்லை. அதனால்தான் விடிந்ததும் வந்துவிட்டேன்.

கம்பியைத் தேய்த்தது நான். கண்ணைக் குறிபார்த்துக் குத்தியது நான். என்ன தண்டனை என்றாலும் சரி. அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா. அவன் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஆட்டம் நான் ஜெயித்தது.