மேட்டு மண் கலந்த காகிதம்

வாக்குமூலம் எழுத நீங்கள் கொடுத்திருக்கும் இந்தக் காகிதம் கொஞ்சம் மட்டம், சார். மை ஊறுகிறது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் என்னுடையதிலேயே நாலு தாள் கொண்டுவந்திருப்பேன். தமிழில் எழுதலாம் என்றீர்களே, அதற்கு நன்றி. கன்னடம் நன்றாகப் பேசுவேன், எழுத வராது.

என் பெயர் அமலா. தங்கச் சுரங்கம் இருந்த சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய மைன்ஸ் லைன் வீட்டில் இருக்கிறேன். கையால் காகிதம் செய்து, அதில் டைரி, வாழ்த்து அட்டை, விளக்குக் கூடு எல்லாம் பண்ணி, பெங்களூரில் மாதாமாதம் நடக்கும் கைவினைச் சந்தையில் விற்கிறேன். என் கணவர் பிரதாப் விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். வீட்டில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. பகல் முழுக்க இருந்தது நானும் என் மாமனார் டைட்டஸும்தான்.

மாமனார் மைன்ஸ் மூடும்வரை பூமிக்கு அடியில் பாறையில் ட்ரில் அடித்தவர். அந்தக் கல் தூசி நெஞ்சில் தங்கி, வயதாக ஆக மூச்சைப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் இது புதுமையே இல்லை. எங்கள் லைனில் இருமல் கேட்காத வீடு என்று ஒன்றைக் காட்ட முடியாது.

காகிதம் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பழைய பருத்தித் துணியை நறுக்கி, ஊறவைத்து, அரைத்துக் கூழாக்கித் தொட்டித் தண்ணீரில் கரைக்க வேண்டும். வலை அடித்த சட்டத்தால் அள்ளினால் ஒரு தாள். கஷ்டம் காயவைப்பதில்தான் இருக்கிறது. வழவழப்பான சுவரில் ஒட்டிக் காயவைத்தால்தான் தாளுக்கு ஒரு முகம் வரும். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட சுவர் முன்னறையில் மட்டும் இருக்கிறது. அந்தச் சுவரை ஒட்டித்தான் மாமனாரின் கட்டில்.

அவர் ராத்திரி பகலாக இருமுவார். டப்பாவில் துப்புவார். நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொள்வார். ஒரு சந்தையில், என் டைரியைக் கையில் எடுத்த பெண் அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகம் சுளித்து வைத்துவிட்டுப் போனாள். தைல வாடை. அன்று ரயிலில் வரும் வழியெல்லாம் அழுதேன். அவ்வளவு அவமானமாக இருந்தது.

பங்காருப்பேட்டையில் உங்கள் மகள் ஜூடித் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வாருங்களேன் என்று மாமனாரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன்.

"நான் இன்னாத்துக்கும்மா அங்க போறது? இது என் வூடு. செத்தாலும் இங்கதான் சாவேன்" என்றார்.



அந்தச் சமயத்தில்தான் மேட்டு மண்ணைக் கலந்து பார்த்தேன். மைன்ஸில் கல்லை அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய கழிவு, ஊரைச் சுற்றி மலை மலையாகக் கிடக்கிறதே, அந்த மண். அதில் சன்னமானதைச் சலித்துக் கூழில் சேர்த்தால் தாளில் லேசாக ஒரு மினுக்கம் வருகிறது. "இதுல நிஜமாவே கோல்டு இருக்கா?" என்று பெங்களூர்க்காரர்கள் கேட்பார்கள். இருக்கலாம் என்பேன். கொண்டுபோனதெல்லாம் மதியத்துக்குள் விற்றுவிடும். அந்த மண்ணை அனுமதி இல்லாமல் அள்ளக் கூடாது என்று வாட்ச்மேன் இரண்டு முறை விரட்டினார். அந்தக் குற்றத்தை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம், "இனி தூசி பக்கமே போகக் கூடாதும்மா. நுரையீரல்ல இடமே இல்ல" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டார் மாமனார்.

"சும்மா படுத்திருக்காம ஏதாச்சும் வேலை செய்யச் சொன்னாரு, மாமா" என்றேன்.

அவருக்கு வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அதானே பாத்தேன். குந்தினே இருந்தா ஒடம்பு துருதான் புடிக்கும். இன்னா வேலைன்னு சொல்லு" என்றார். மறுநாளே மண்ணையும் மெல்லிய துணிச் சல்லடையையும் கட்டில் பக்கத்தில் வைத்தேன். காற்றில் மண் பறக்கும் என்று ஜன்னலைச் சாத்தினேன். மின்விசிறியையும் நிறுத்தினேன். மூக்கில் துண்டு கட்டிக்கொண்டார். ஆனால் மூச்சு முட்டுகிறது என்று அவரே அவிழ்த்துவிட்டார். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

முடியாத மனுஷனுக்கும் ஒரு மரியாதை தேடிக் கொடுத்திருக்கிறாள் மருமகள் என்று லைனில் எல்லாரும் சொன்னார்கள். மாதா கோயிலில்கூட என்னைப் பாராட்டினார்கள். அவர் சல்லடையும் கையுமாகச் சிரிக்கும் போட்டோ ஒன்றைப் பெரிதாக்கிச் சந்தையில் என் மேஜைமேல் வைத்தேன். 'முன்னாள் சுரங்கத் தொழிலாளி தன் கையால் சலித்த மண்' என்று கீழே எழுதினேன். ஜனங்கள் அதோடு செல்பி எடுத்துக்கொண்டார்கள். இதைச் சொன்னபோது அவர் வெட்கப்பட்டார். இன்னும் கொஞ்சம் மண் கொடு என்றார். கொடுத்தேன்.

பிறகு அவருக்குப் பேச்சே இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நின்று நின்று வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜூடித் வந்திருந்தாள். அவள் முன்னாடிதான் கேட்டார்.

"ஏம்மா அமலா, கொஞ்சம் தண்ணி ஊத்திக்கினு சலிக்கட்டா? உள்ள ட்ரில் அடிக்கறப்போ தண்ணி வுட்டுதான் அடிப்போம். தூசி அடங்கும்."

"ஈரமானா துணியில அப்பிக்கும் மாமா. சலிக்க வராது" என்றேன்.

"அப்டியா? சரி, வேலை உனுக்குத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து சலித்தார். ஜூடித்துக்கும் காகித வேலை தெரியாது.

மழைக்காலம் முடியும் முன் இறந்துபோனார். அவர் ஆசைப்பட்டபடியே அவருடைய வீட்டில், அவருடைய கட்டிலில். அடக்கத்துக்கு ஊரே வந்தது. கட்டிலைப் பிரித்துப் பின்பக்கம் போட்டுவிட்டுச் சுவரைக் கழுவினேன். நல்ல சுவர், சார். நான் நினைத்ததைவிட நன்றாகவே தாள் காய்கிறது.

எனக்கு அவர்மேல் கோபம் இருந்ததில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டேன். மருந்து கொடுத்தேன். அவர் கேட்டது வேலை, கொடுத்தது நான். இதில் எங்கே தப்பு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முப்பதாம் நாள் பூசைக்கு ஜூடித் வந்தாள். நான் முன்னறையில் மண்ணைத் தண்ணீரில் கரைத்துச் சல்லடையில் ஊற்றிக்கொண்டிருந்தேன். மண் எப்படியும் தொட்டித் தண்ணீரில்தானே சேரப்போகிறது. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் உங்களிடம் புகார் கொடுத்தது இதைப் பார்த்த பிறகுதான்.

"இன்னா அண்ணி இது? ஈரத்துல சலிக்க வராதுன்னு அப்பாகிட்ட சொன்னீங்களே?" என்றாள்.

நான் பொய் சொல்லவில்லை, சார். கேட்டதற்கு நேராகவே பதில் சொன்னேன்.

"வறட்டுத் தூசி ஒடம்புக்கு ஆவாது ஜூடித். இப்ப நான்தான சலிக்கிறேன்."