திருப்பிக் கொடுக்கும் வரிசையில்

வெளிநாட்டில், லின்ஃபீல்டு என்ற புறநகருக்குப் பக்கத்துக் கடையொன்றில், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் வரிசை. எனக்கு முன்னால், தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில் ஒன்றின் பெட்டியோடு ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி.

"பழுதெண்டா கேத்திலைத் திருப்பி எடுக்கிறாங்கள். கவுன்சிலரை மட்டும் ஏன் எடுக்கிறாங்களில்லை?" என்றார் கணவர்.

"இதென்ன விசர்க் கதை?" என்றார் மனைவி.

"எங்கட பஸ் ஸ்டொப்பை எடுக்க விடமாட்டன் எண்டு வோட்டுக் கேட்டவர், தேர்தலில வெண்ட கையோட அதைத் தூக்கிப்போட்டார். சில நாடுகளில சனம் கையெழுத்து வச்சு, திரும்ப வோட்டுப் போட்டு, ஆளை இடையிலயே இறக்கலாம்."

"இஞ்ச அப்பிடிச் சட்டம் இல்லை. அடுத்த தேர்தல் வரைக்கும் மூண்டு வருஷம் அவரை வச்சிருங்கோ. பெட்டியில படத்தைப் பார்த்துக் கேத்தில் வாங்கின மாதிரி, தேர்தலுக்கு வீட்டுக்கு அனுப்பின வேட்பாளர் புத்தகத்தில படத்தைப் பார்த்துத்தானே அவருக்கும் வோட்டுப் போட்டனீங்கள்?"

வரிசை நகர்ந்தது. அவர் பெட்டியைத் திருப்பி, படம் வெளியே தெரியாதபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.