நாற்பத்தெட்டு மணி நேரம் காக்கச் சொன்ன ரஞ்சினி அம்மையாருக்கு

கண்ணுக்குத் தெரியாப் பகையைக் கண்டு காத்தவரே! கைகழுவுதலைக் கடமையாக்கிய கண்ணியமே! ஸ்பிரிங்வேல் மருதம் முதியோர் இல்லத்தின் தொற்றுத் தடுப்புத் தாதியாய்ப் பதினேழு ஆண்டுகள் பணிசெய்து, இன்று ஓய்வுபெற்று விடைபெறும் பெருந்தகையீர்! உங்களோடு உழைத்த நாங்கள் அனைவரும், அன்பும் நன்றியும் கலந்த இம்மடலை உங்கள் கரங்களில் வைக்கிறோம். எழுதியவன் உங்களுக்கெல்லாம் சமைக்கும் குசினிப் பொறுப்பாளன் சிறி. வாசிப்பவர் தாதி லக்சிகா. செந்தமிழ் இடையிடையே தடுமாறினால் குற்றம் எழுதியவனுடையது.

உருவில் சிறியீர், உறுதியில் பெரியீர்! கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதை, மோதிரத்தைக் கழற்றாமல் கைகழுவி உங்களிடம் அகப்பட்ட ஒவ்வொருவரும் அறிவோம். ஆயினும் நீங்கள் ஒருவரையும் பிறர் முன் ஏசியதில்லை. ஏன் கழுவ வேண்டும் என்று விளக்கினீர்கள்.

அந்த விளக்கம் இன்றும் எங்கள் குசினிப் பலகையில் இருக்கிறது. வைரசுக்கு மூச்சில்லை, பசியில்லை, தானாகப் பெருகும் வலுவுமில்லை. உள்ளே ஒரு சமையற் குறிப்பு. அதைச் சுற்றிப் புரதத்தாலான ஓடு. அவ்வளவே அதன் உடல். ஓட்டின் வெளிப்புறம் எங்கள் உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள ஒரு பிடியோடு பொருந்திவிட்டால், உயிரணு அதை உள்ளே எடுத்துக்கொள்கிறது. உள்ளே போனபின் அடுப்பும் எங்களுடையது, அரிசியும் எங்களுடையது. சமைப்பது மட்டும் அதன் குறிப்பின்படி. ஆயிரமாயிரம் பிரதிகள் நிறைந்து உயிரணு அழிய, அவை அடுத்த வீடு தேடிப் போகின்றன. எனக்கு விளங்கவேண்டும் என்றே இதைச் சமையல் மொழியில் சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

இனி வருவதை ‘நாங்கள்’ என்று எழுத முடியாது. இது சிறி சொல்வது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு குளிர்கால வெள்ளிக்கிழமை. முதல்நாள் தொடங்கிய வாந்தி அன்று பின்னேரம்தான் எனக்கு நின்றது. மறுநாள் சனிக்கிழமை என் மனைவி யோகாவின் முதலாம் ஆண்டுத் திவசம். திவசச் சாப்பாட்டை இல்லத்து முதியோருக்குக் கொடுப்பதும், கொடுக்கும் வீட்டார் தம் கையாலேயே பரிமாறுவதும் எங்கள் வழக்கம். அவளுக்காக நான் பரிமாறாமல் வேறு யார் பரிமாறுவது? கொரோனாக் காலத்தில் பழகியபடி சானிடைசரை இரண்டுமுறை பூசிக்கொண்டு, ஒவ்வொரு தட்டிலும் என் கையாலேயே வடை வைத்தேன்.

திங்கள் காலைக்குள் பதினொரு பேருக்கு வாந்தியும் வயிற்றோட்டமும். பணியாளர் எங்களில் யாருக்காவது முன்பே இந்த வாந்தி வருத்தம் வந்ததா என்று நீங்கள் கேட்டபோது, இல்லை என்றேன். அன்று மதியம், என் வடையை உண்ட முதியவர்களில் ஒருவரான தேவராஜா ஐயாவை அம்புலன்சில் ஏற்றினார்கள். அவருடைய கண்கள் உள்ளே போயிருந்தன. அந்த முகத்தைப் பார்த்தபின் என்னால் உலை வைக்க முடியவில்லை. உங்கள் அறைக்கு வந்து, எனக்கும் வாந்தி இருந்த உண்மையைச் சொன்னேன்.

நீங்கள் நாட்காட்டியை என் பக்கம் திருப்பினீர்கள். “சிறி, உம்மில எனக்குக் கோவம் இல்லை. உமக்கு அந்தச் சத்தி எப்ப நிண்டது எண்டு மட்டும் சரியாச் சொல்லும். அப்பதான் இன்னும் ஆரையெல்லாம் பாக்கவேணும் எண்டு எனக்குத் தெரியும்.”

கொரோனா வைரசுக்கு வெளியே ஒரு கொழுப்புப் போர்வை உண்டு, சானிடைசர் அதைக் குலைத்துவிடும். என் கையிலிருந்து பரவிய இந்த நோரோ வைரசுக்கு அப்போர்வையே இல்லை, வெறும் ஓடுதான், அதற்குச் சானிடைசர் போதாது என்று அன்றுதான் அறிந்தேன். சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் உரசிக் கழுவ வேண்டும். வாந்தி நின்றபின்னும் நாற்பத்தெட்டு மணி நேரம் குசினிப் பக்கம் வரக்கூடாது.

தொற்று பதினொருவரோடு நின்றது. ஒன்பதாம் நாள் தேவராஜா ஐயா திரும்பி வந்தார். உங்கள் அறிக்கையில் நாளும் நேரமும் பிசகாமல் இருந்தன. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘பணியாளர் ஒருவர்’ என்று மட்டும் இருந்தது. எல்லோரும் பழியை வடை எண்ணெயின் மேல் போட்டார்கள். நானும் பேசாமல் இருந்தேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். முன்வரிசைக் கதிரையில் இருக்கும் தேவராஜா ஐயா, அந்தப் பணியாளர் நான்தான். என்னை மன்னியுங்கள்.

அம்மையீர், உங்கள் பிரிவுபசார விருந்துக்கு யோகாவின் கைப்பக்குவத்தில் வடை சுட்டு, முதல் வடையை உங்கள் தட்டில் வைக்க ஒரு மாதமாக எண்ணியிருந்தேன். முந்தநாள் எனக்கு மறுபடியும் வருத்தம். நேற்று மதியம்தான் வாந்தி நின்றது. உங்கள் கணக்குப்படி நாளை மதியம் வரை நான் வெளியே வரக்கூடாது. ஆகவே நான் தொட்ட தாளைக்கூட அனுப்பாமல், இம்மடலைக் கைபேசியில் லக்சிகாவுக்கு அனுப்பினேன். அச்சிட்டுச் சட்டகத்தில் இட்டவர் அவர். இன்றைய சமையல் என் உதவியாளன் பிரஷாந்தனுடையது. உப்புக் குறைந்திருந்தால் பொறுத்தருள்க.

ஓய்வு உங்களுக்கு ஒழியாத உவகை தருக! நோயற்ற நெடுவாழ்வு நும்மோடு நிலைக்க! நீங்கள் காத்த கைகளெல்லாம் கூப்பி வணங்குகின்றன. வாசலருகே வெறுமையாய் இருக்கும் கதிரை என்னுடையது. அதை என் மாலையாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
மருதம் முதியோர் இல்லப் பணியாளர்கள்,
அவர்களுள் ‘பணியாளர் ஒருவர்’: சிறி, வீட்டிலிருந்து.