பிந்திய தேதி

காலை பதினொன்று பத்து. கேன்டீனில் இரண்டாவது ஈடு வடை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அந்தத் தொகுதியை சர்வரில் பதிவு செய்தேன்.

விசாரணைக்கு வந்திருக்கும் உங்களுக்குக் கணினி தெரியாது என்றீர்கள். எளிமையாகச் சொல்கிறேன். தரவுத்தள சர்வருக்குத் தெரியாத ஒரு வேலையைக் கற்றுத்தர, சிறு நிரல் தொகுதி ஒன்றை எழுதி அதன் ஃபோல்டரில் வைக்க வேண்டும். வைத்தால் மட்டும் போதாது. ஒரு வரி ஆணை தட்டிப் பதிவு செய்ய வேண்டும். பதியாத தொகுதி சர்வரைப் பொறுத்தவரை இல்லை. பதிந்துவிட்டால் அது சொல்வதை சர்வர் சந்தேகப்படாது.

எங்கள் டிரஸ்ட் மருத்துவமனையில் டயாலிசிஸ் இயந்திரங்கள் ஆறு. காத்திருப்பவர்கள் எண்பது பேர். பெயர் கொடுத்த தேதிதான் வரிசை. பெயர்களை ஆங்கிலத்தில் தட்டுகிறோம். முத்துக்கருப்பனை ஒரு நாள் ஒரு மாதிரியும் மறுநாள் ஓர் எழுத்துக் கூட்டியும் தட்டினால் அவர் இரண்டு ஆள். ஒலியை வைத்து அந்த இருவரையும் ஒருவராக்குவது என் தொகுதியின் வேலை. தேவையான வேலைதான்.

ஒன்றாக்கும்போது முந்திய தேதி நிற்க வேண்டும். நான் ஒரு குறியைத் திருப்பிப் போட்டுவிட்டேன். பிந்திய தேதி நின்றது. எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்க வந்து, மறுபடி பெயர் கொடுத்தவர்கள் கடைசிக்குப் போனார்கள்.

இரண்டு வாரத்தில் கண்டுபிடித்தேன். திருத்தி எழுதினேன். சோதித்தேன். ஃபோல்டரில் வைத்தேன். பதியும் முன் பட்டியலைப் பார்த்தேன். பத்தொன்பதாவதாக இருந்த என் மனைவி பவதாரிணி இரண்டாவதாக இருந்தாள். அப்போது அவளுக்குக் காலில் செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்தே கிடந்தாள்.

அந்த ஒரு வரியை நான் தட்டவில்லை. செய்தது என்று ஒன்றுமில்லை.

முதலாவதாக இருந்தவள் ஒச்சாயி. எழுமலைக்காரி. தூரம் என்பதால் விசாரிக்க யாரும் வரவில்லை, அதனால் இடம் மாறவில்லை. ஒரு திங்கட்கிழமை அவள் கணவர் பேயாண்டி வந்தார். மறுநாள் ஓர் இயந்திரம் காலியாகப் போகிறது என்று தெரிந்திருந்தது. கவுண்டரில் இருக்கும் ரூபினா சாப்பிடப் போயிருந்தாள். அவள் நாற்காலியில் நான்.

"மொதப் பேரு எங்க வீட்டுக்காரிதான்னு போன்ல சொன்னாக. மெய்யா தம்பி?"

"ஆமாண்ணே."

"கம்ப்யூட்டரு எங்க பேரை முழுங்கிப்புட்டா என்ன செய்ய? எதுக்கும் இன்னொருக்க எழுதிக்கங்க." சிரித்தார்.

எழுதிக்கொண்டேன். அவர் கேட்டதைத்தான் செய்தேன். அதே எழுத்துகளைத் தட்டினால், ஏற்கெனவே இருக்கிறது என்று நின்றுவிடும். ஆகவே ஓர் எழுத்தைக் கூட்டினேன்.

செவ்வாய் காலை பவதாரிணியைக் கூப்பிட்டார்கள். ஒச்சாயி ஒன்பதாம் நாள் இறந்தாள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றது என்று இறப்புச் சான்றில் எழுதியிருக்கிறார்கள். அதில் தொகுதி பற்றி எதுவும் இல்லை.

மனைவிக்கு இடம் கிடைத்த பின்னும் திருத்திய தொகுதியை ஏன் பதியவில்லை என்கிறீர்கள். பதிந்தால் பழைய தேதிகள் திரும்பியிருக்கும். யார் எங்கே இருந்தார்கள் என்று தெரிந்திருக்கும். இறந்தவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பதும் என் வேலைதான். மூன்று மாதத்தில் பதினொன்று எடுத்தேன். எல்லோரும் நோயாளிகள்.

பவதாரிணி தேறிவிட்டாள். செருப்பு நுழைகிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை, தகவல் கேட்க வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒச்சாயியோடு சிறிது நேரம் பேசியிருக்கிறாள். இன்று காலையும் கேட்டாள்.

"ஏங்க, அந்த எழுமலை அக்கா எனக்கு முந்தியே எழுதுனவுகளாம்ல. அவுகளை ஏன் இன்னும் கூப்பிடல?"